மூச்சுக்குத் துணை

(எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பல ஆண்டுகளாகக் கைகொடுத்துவரும் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எங்கள் சாப்ளின் ஆற்றிய உரை. ஆதரவாளர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். நோயாளிகளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)



முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறோம். பிறகு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதைக் கேட்டபின் நன்றியை ஏற்றுக்கொள்ள மனம் வருமோ வராதோ என்றுதான் முந்திக்கொள்கிறோம். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் ஏலம் விட்டுச் சேர்த்த பணத்தில் எங்களுக்கு ஒரு சுவாச இயந்திரம் வாங்கித் தந்தீர்கள். அது பழுதில்லாமல் வேலை செய்கிறது. சென்ற ஆண்டு இதே செய்தி மடலில் ஒரு தாயார் முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு உடற்பயிற்சி சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் படம் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். படத்தின் கீழே, "நீங்கள் தந்த இயந்திரம் கொடுத்த புதுவாழ்வு" என்று அச்சிட்டிருந்தோம். அதைப் பார்த்துத்தான் இந்த ஆண்டு இன்னும் இரண்டு இயந்திரம் வாங்கித் தருவதாக உங்கள் சங்கம் கடிதம் எழுதியது.

அந்த வரியை எழுதியது நாங்கள்தான். அதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லாமல் அடுத்த காசோலையை வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஆகவே கடிதத்துக்குப் பதில் எழுதாமல் நேரில் வந்துவிட்டோம்.

இந்த வியாதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது டாக்டர்கள் சொல்லும் பெயர். சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள். நம் ஜனங்கள் இளைப்பு என்பார்கள், இரைப்பு என்பார்கள், "ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்குது" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ம் ஆண்டில் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் இதனால் மரித்தார்கள். உலகில் மரணத்துக்கான காரணங்களில் இது நான்காவது. பீடி சிகரெட்தான் இதற்குப் பெரிய காரணம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் வெளிநோயாளர் பெஞ்சில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். வாழ்நாளில் பீடியைக் கையால் தொடாத தாய்மார் வரிசையாக இருப்பார்கள். விறகும் சுள்ளியும் வறட்டியும் எரிந்த அடுப்பின் முன் ஆயுசில் பாதியைக் கழித்தவர்கள். காஸ் அடுப்பு இப்போது அவர்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் முப்பது வருஷத்துப் புகை செய்த சேதம் உள்ளே அப்படியே இருக்கிறது. காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் வடு தங்கியவர்கள், மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்கள் என்று இன்னும் பலர் வருகிறார்கள்.

மூச்சை உள்ளே இழுப்பதுதான் இவர்களுக்குக் கஷ்டம் என்று நாங்களும் வெகுகாலம் நினைத்திருந்தோம். வெளியே விடுவதில்தான் சிக்கல் என்று எங்கள் டாக்டர் விளக்கினார். சுருங்கிப்போன காற்றுக்குழாய்கள் வழியே காற்று மெதுவாகத்தான் வெளியேறும். சும்மா இருக்கும்போது அதற்கு நேரம் கிடைக்கிறது. எழுந்து நடந்தால் மூச்சு வேகமாகிறது. உள்ளே போனது முழுவதும் வெளியே வரும்முன் அடுத்த மூச்சு வந்து நிற்கிறது. இறங்குகிறவர்கள் இறங்கும்முன் ஏறுகிறவர்கள் முண்டியடிக்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நடக்க நடக்க நெஞ்சு காற்றால் உப்பிப்போகிறது. உதரவிதானம் என்னும் பெரிய மூச்சுத் தசை கீழே தள்ளப்பட்டுத் தட்டையாகிவிடுகிறது, அதனால் நன்றாக இழுக்க முடிவதில்லை. அப்போது ஒரு பயம் வரும். அந்தப் பயத்தை நாங்கள் கட்டிலுக்குக் கட்டில் பார்த்திருக்கிறோம். இறையியல் கல்லூரியில் எபிரெயம் படித்தபோது காற்று, மூச்சு, ஆவி மூன்றுக்கும் அங்கே ஒரே சொல் உண்டு என்று எழுதி நல்ல மார்க் வாங்கினோம். தமிழில்கூட ஆவி என்றால் உயிர், மூச்சு, இட்லிப் பானையிலிருந்து எழுவது எல்லாம்தான். பிரசங்கத்துக்கு அது நன்றாக உதவிற்று. காற்றுக்காகக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்களிடம் பல ஆண்டுகளாக நாங்கள் சொல்லிவந்த ஆறுதல், "அலட்டிக்கொள்ளாதீர்கள், அசையாமல் இருங்கள்" என்பதுதான். அன்பினால் சொன்னோம். வீட்டாரும் அன்பினாலேயே அதைச் செய்தார்கள். கட்டிலுக்கே தண்ணீர் வந்தது, சாப்பாடு வந்தது. ஒரு பெரியவர் எங்கள் சொல்லை அப்படியே கைக்கொண்டு இரண்டு வருஷம் திண்ணையை விட்டு இறங்கவில்லை. கடைசியில் அவரைத் தூக்கி வந்தபோது தொடை எங்கள் மணிக்கட்டு அளவுக்கு இருந்தது. பயன்படுத்தாத கால் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறிது நடந்தாலே சோர்ந்து இன்னும் அதிக மூச்சைக் கேட்கிறது. மூச்சு வாங்குவதால் மனிதர் இன்னும் உட்கார்ந்துவிடுகிறார். நுரையீரலில் போனது திரும்பாது. ஆனால் காலில் போனதை ஓரளவு திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றால் அதே நுரையீரலை வைத்துக்கொண்டே கொஞ்சம் அதிக தூரம் நடக்கலாம். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று சொல்வது முக்கியமாக இதைத்தான்.

ஆனால் பயிற்சி செய்ய மூச்சு வேண்டுமே? அங்கேதான் உங்கள் இயந்திரம் வருகிறது.

அதைப் பைபேப் என்பார்கள். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் வழியாக, மூச்சு இழுக்கும்போது அழுத்தம் கூட்டித் தள்ளிக் கொடுக்கும், விடும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். தொண்டையில் குழாய் கிடையாது. மூச்சுத் தசை சுமக்கும் பாரத்தில் ஒரு பங்கை அது தூக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதையும் ஆக்சிஜனையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் காற்றின் சத்தைக் கூட்டுகிறது, இது காற்றைத் தள்ளிக் கொடுக்கிறது. சிலருக்கு இரண்டும் தேவைப்படும்.

படத்தில் இருந்த தாயார் கல்யாண வீடுகளுக்கும் கோயில் அசனங்களுக்கும் சமையல் செய்தவர். உங்கள் பந்தியில்கூட அவர் ஆக்கிய சோறு விழுந்திருக்கலாம். முப்பது வருஷம் அண்டா அடுப்பின் பக்கத்தில் நின்றவர். எங்களிடம் வந்த அன்று ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்தோம். முப்பது மீட்டர் நீளமுள்ள வராந்தாவில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்க வேண்டும், நடுவில் நின்றுகொள்ளலாம். 140 மீட்டர் நடந்தார், இரண்டு முறை உட்கார்ந்தார். சைக்கிளில் நாலு நிமிடம் மிதித்தார். மாஸ்க் போட்டு மிதிக்கச் சொன்னபோது ஒன்பது நிமிடம் மிதித்தார்! நாங்கள் கைதட்டினோம். அன்றுதான் படம் எடுத்தது.

எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முடிவில் அதே வராந்தாவில் மாஸ்க் இல்லாமல் 190 மீட்டர் நடந்தார், உட்காரவே இல்லை. நாங்கள் அதை அப்படியே இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிட்டோம். அதே எட்டு வாரத்தில் அதே வராந்தாவில் மாஸ்க் இல்லாமல் பயிற்சி செய்த வேறு நாலைந்து பேரும் ஏறக்குறைய அவ்வளவே முன்னேறியிருந்தார்கள். அவர்களைப் படம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் சிறு வயதுப் பெண், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவாள். "ஐயா, நியூஸ் லெட்டர்ல எழுதினது சரியில்ல" என்றாள். டாக்டரும் அவள் பக்கம்தான். ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று இருவருமாக எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

மருத்துவ ஆராய்ச்சிகளைச் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு, பயிற்சியின்போது இந்த மாஸ்க் உதவி கொடுப்பதைப் பற்றி 2014-ல் ஆராய்ந்தது. கிடைத்தவை ஆறே ஆய்வுகள், அவற்றை முடித்தவர்கள் 126 பேர். மாஸ்க் போட்டவர்களால் இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்ய முடியலாம், உடலும் அதற்கேற்பப் பழகலாம் என்று தெரிந்தது. ஆனால் அதனால் அன்றாட வாழ்க்கை மேம்பட்டதா என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, செலவுக்கு ஏற்ற பலன் உண்டா என்பதும் தெரியவில்லை என்றார்கள். அதே அமைப்பு 2015-ல் மறுவாழ்வுப் பயிற்சியையே எடுத்துப் பார்த்தது. அதில் 65 ஆய்வுகள், 3,822 பேர். பயிற்சி பெற்றவர்களுக்கு மூச்சுத் திணறல் குறைந்தது, சோர்வு குறைந்தது. ஆறு நிமிட நடையில் மற்றவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 44 மீட்டர் முன்னால் இருந்தார்கள். 44 மீட்டர் என்ன பெரிய தூரம் என்று கேட்காதீர்கள். வீட்டுக் கட்டிலிலிருந்து தெருக்குழாய் வரைக்கும் அந்தத் தூரம்தான் இருக்கும்.

ஆக்சிஜன் கதையும் இதைப்போலத்தான். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் கிடைக்காமல் ஜனங்கள் தவித்ததைப் பார்த்தோம். அதிலிருந்து, மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்று எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. இரத்தத்தில் ஆக்சிஜன் எப்போதுமே மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு நாள்தோறும் பல மணி நேரம் கொடுத்தால் ஆயுசு கூடும் என்று 1980-லும் 1981-லும் வந்த ஆய்வுகள் காட்டின, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓரளவே குறைவாக உள்ளவர்களையும், நடக்கும்போது மட்டும் குறைகிறவர்களையும் கொண்டு அமெரிக்காவில் 738 பேரிடம் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில் ஆயுசும் கூடவில்லை, ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 111 பேரிடம் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. நடக்கும்போது ஆக்சிஜன் குறைகிற நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பயிற்சியின்போது ஆக்சிஜனும், மீதிப் பேருக்கு அதேபோன்ற குழாயில் வெறும் காற்றும் கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்து இரு சாராரும் முன்னேறியிருந்தார்கள், வித்தியாசம் இல்லை. இதைக் கேட்டுவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆக்சிஜனை வீட்டில் யாரும் நிறுத்திவிடாதீர்கள். மூச்சு முட்டுகிறதே என்று நீங்களாகக் கூட்டியும் வைக்காதீர்கள். இந்த வியாதிக்காரர் சிலருக்கு அளவு மீறிய ஆக்சிஜன் ஆபத்தாகிவிடும்.

அப்படியானால் எங்கள் பண்டிகைப் பணம் வீண்தானா என்று கேட்பீர்கள். இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எங்கள் வார்டுக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினாலே இரண்டு நிமிடத்தில் உதடு நீலம் பாரிக்கும். மற்றவர்களோடு வராந்தாவில் நடக்கச் சொல்ல முடியாத நிலை. மாஸ்க் போட்டுப் பார்த்தோம். ஏழு நிமிடம் செய்தார். மறுவாரம் நின்றார். ஆறாம் வாரம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் வரை போய், வெளியே மைதானத்தில் விளையாடிய பிள்ளைகளை எண்ணினார். பழக்கதோஷம். எட்டு மாதம் கழித்து அவர் காலமானார். அதுவரை குளியலறைக்குத் தானே போனார் என்று அவர் மனைவி எங்களிடம் இரண்டு முறை சொன்னார்கள். அவரைப்போல மிகவும் தளர்ந்துபோன சிலருக்கு அந்த இயந்திரம் வேண்டும். அதை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம். ஆனால் அவர்கள் சிலர்தான். எங்கள் வார்டுக்கு ஒன்று போதும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மாஸ்க் போட்டு ஒருவர் சைக்கிள் மிதிக்கும்போது பிசியோதெரபிஸ்ட் பக்கத்தை விட்டு நகர முடியாது. வியர்வையில் மாஸ்க் வழுக்கிக் காற்று கசியும், வாய் உலர்ந்துபோகும், முகத்தை மூடுகிறதே என்று சிலர் கலவரப்பட்டுப் பிடுங்கி எறிவார்கள். அந்த அரை மணி நேரத்தில் வராந்தாவில் ஆறு பேர் நடந்துவிடலாம். எங்களுக்கு இருப்பது ஒரே பிசியோதெரபிஸ்ட். இன்னும் இரண்டு இயந்திரம் வந்தால் வராந்தா காலியாகிவிடும். இதுதான் எங்கள் பயம்.

வராந்தாவில் என்ன நடக்கிறது என்று சொல்கிறோம். டாக்டர் பார்த்து அனுமதித்தவர்கள் மட்டும் வருவார்கள். பயிற்சிக்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டியவர்கள் எடுப்பார்கள். விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்தம். மற்றபடி நடை, ஓய்வு, மறுபடி நடை. மூச்சு வாங்கும், வாங்கட்டும். எவ்வளவு வாங்குகிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் சொல்லவேண்டும். மூன்று, நான்கு என்றால் தொடரலாம்.

இயந்திரம் இல்லாத மூச்சுத் துணை ஒன்றும் அங்கே கற்றுத்தருகிறார்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடுவது. அப்படி விடும்போது உள்ளே காற்றுக்குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்வதில்லை, தேங்கிய காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது. நமது சமையல்கார அம்மாவுக்கு இது வருவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. "ஊதுங்கம்மா" என்றால் அடுப்பை ஊதுவதுபோல் பலங்கொண்ட மட்டும் ஊதுவார். முப்பது வருஷம் ஊதுகுழல் பிடித்த பழக்கம். "அடுப்பு ஊதாதீங்கம்மா. மெழுகுவர்த்தி அணையக் கூடாது, சுடர் மட்டும் ஆடணும், அப்படி ஊதுங்க" என்று அந்தப் பெண் சொல்லிச் சொல்லித்தான் வந்தது. இயந்திரத்தைப் பற்றி அவர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஐயா, இது எங்கூட வீட்டுக்கு வருமா?" வராது என்றோம். "அப்ப இத நல்லா படிச்சுக்கிறேன்" என்று உதட்டைக் குவித்துக் காட்டினார்.

சாப்ளினுக்கு வராந்தாவில் என்ன வேலை என்று கேட்கலாம். பக்கத்தில் நடப்பதுதான் வேலை. முதல் வாரம் நாங்கள் வழக்கம்போல் பேசிக்கொண்டே நடந்தோம். பிள்ளைகள் எத்தனை, எந்தச் சபை என்று கேட்டோம். மூச்சு வாங்குகிற மனிதர் மரியாதைக்காகப் பதில் சொல்ல முயன்று நின்றுவிட்டார். பிசியோதெரபிஸ்ட் தூரத்திலிருந்தே, "ஐயா, நீங்க பேசாம நடங்க" என்றாள். நாற்பது வருஷ ஊழியத்தில் யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. இப்போது பேசாமல் நடக்கப் பழகியிருக்கிறோம். பயந்த மனிதர் திரும்பிப் பார்க்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் அவர் இன்னும் பத்து எட்டு வைக்கிறார். வயதில் நாங்களும் அவர்களுக்கு இளையவர்கள் அல்ல, எங்களுக்கும் கொஞ்சம் வாங்கத்தான் செய்கிறது.

இனி விண்ணப்பம். இரண்டு இயந்திரத்துக்கென்று நீங்கள் ஒதுக்கிய பணத்தை இன்னொரு பிசியோதெரபிஸ்டின் சம்பளத்துக்கு மாற்றித் தரமுடியுமா? எத்தனை மாதத்துக்கு வருகிறதோ அத்தனை மாதத்துக்குப் போதும். அதில் கொஞ்சம் ஒதுக்கி வராந்தாவின் இரு பக்கமும் கைப்பிடிக் குழாயும், இடையிடையே உட்கார நாலு நாற்காலியும் போட வேண்டும். நோயாளிகளின் பஸ் கட்டணமும் உண்டு. வாரம் இரண்டு நாள், எட்டு வாரம், ஆக 16 நாள் வர வேண்டும். துணைக்கு வருகிறவருக்கும் கட்டணம், அன்றைய கூலியும் போய்விடும். பயிற்சியைப் பாதியில் விட்டவர்களில் பலர் அதனால்தான் விட்டார்கள். அவர்கள் வராமல் போனதற்கு விசுவாசக் குறைவு, சோம்பல் என்றெல்லாம் நாங்கள் முதலில் பேசினோம். பஸ் டிக்கெட்டைக் கணக்குப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

இயந்திரத்தில் சங்கத்தின் பெயர் பொறித்த தகடு ஒட்டலாம். சம்பளத்தில் ஒட்ட முடியாது, பஸ் டிக்கெட்டிலும் முடியாது. நாற்காலியின் முதுகில் வேண்டுமானால் எழுதலாம், ஆனால் சாய்ந்து உட்காருகிறவர் மறைத்துவிடுவார். படம் எடுத்து மடலில் போடவும் பெரிதாக ஒன்றும் இராது. வயதானவர்கள் ஏழெட்டுப் பேர் உதட்டைக் குவித்துக்கொண்டு மெதுவாக நடக்கிற படம்தான் வரும்.

சங்கத்துச் செயலாளர் அம்மா, தேநீருக்குப் பின் கமிட்டி கூடும் என்று சொன்னார்கள். கேள்வி இருந்தால் அதற்குள் கேளுங்கள். பதில் எதுவானாலும் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம் என்று காத்திருக்கிறோம். எங்கள் பஸ் நாலரை மணிக்கு.